பிரசவ வலிக்கு மருந்து: மயக்க மருந்து டாக்டரின் பதில்கள்

எனக்கு ஏழாம் மாதம், டாக்டர். முதுகில் ஊசி போட்டால் காலம் முழுக்க இடுப்பு வலிக்கும் என்கிறார்களே?

என்னிடம் அதிகம் பேர் கேட்பது இதைத்தான். எபிடியூரல் என்கிற இந்த முதுகு ஊசியைப் போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், நீண்ட நாள் முதுகுவலி இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுதான். கர்ப்பத்தில் தசைநார்கள் தளர்ந்திருக்கும். வயிற்றின் பாரம் இடுப்பை முன்னால் இழுக்கும். அப்புறம் குனிந்து குனிந்து பால் கொடுப்பது வேறு. பழி மட்டும் ஊசிமேல். ஊசி இறங்கிய இடம் சில நாள் வலிக்கும், அது உண்மை. தண்டுவடம் முடிகிற இடத்துக்குக் கீழேதான் ஊசி போடுகிறோம். மெல்லிய குழாயை மட்டும் உள்ளே விட்டு ஊசியை எடுத்துவிடுவோம். ஏறக்குறைய நூறில் ஒருவருக்குத் தண்டுவட உறையில் துளை விழுந்து, எழுந்து உட்கார்ந்தால் கடுமையாகத் தலை வலிக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. பொறுத்துக்கொள்ளாமல் உடனே சொல்லுங்கள்.

மருந்து கேட்டால் ஆபரேஷனில்தான் முடியும் என்கிறார் மாமியார்.

அப்படி இல்லை. ஆபரேஷன் வாய்ப்பு இதனால் கூடுவதில்லை. முக்குகிற கட்டம் கொஞ்சம் நீளலாம், ரத்த அழுத்தம் இறங்கலாம். அதனால்தான் பக்கத்திலேயே இருந்து கவனிக்கிறோம்.

முதுகில் ஊசி வேண்டாம். வேறு வழி?

நைட்ரஸ் ஆக்சைடும் ஆக்சிஜனும் பாதிக்குப் பாதி கலந்த வாயு. முகமூடியை நீங்களே பிடித்து, வலி தொடங்கும்போதே இழுக்க வேண்டும். உச்சத்தில் இழுத்தால் பலன் பிந்திவிடும். பெத்தடின் என்ற வலி குறைக்கும் ஊசியும் உண்டு, அது தூக்கக் கலக்கம் தரும். குழந்தை பிறப்பதற்குச் சில மணி நேரத்துக்குள் போட்டால் அதன் மூச்சு மந்தமாகலாம்.

வலியைத் தாங்கினால்தான் தாய் என்கிறார்கள். மருந்து கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

இதைப் படித்ததும் மனசு கனத்துவிட்டது, அம்மா. பல்லைப் பிடுங்கும்போது மரத்துப்போக ஊசி கேட்பவரை யாரும் கோழை என்பதில்லை. 1847-ல் சிம்சன் என்ற மருத்துவர் பிரசவத்துக்கு மயக்க மருந்து கொடுத்தபோதும் இதே எதிர்ப்புதான். 1853-ல் விக்டோரியா அரசி தன் எட்டாவது பிரசவத்தில் குளோரோஃபார்ம் வாங்கிக்கொண்டார். மருந்தே வேண்டாம் என்றாலும் சரி, அதையும் மதிப்பேன். ஆனால் அது உங்கள் முடிவாக இருக்கட்டும்.

எப்போது சொல்ல வேண்டும்?

எட்டாம் மாதமே. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள், ரத்தம் உறைய உதவும் தட்டணு குறைந்தவர்கள், முதுகில் ஆபரேஷன் ஆனவர்கள் கட்டாயம் முன்கூட்டியே பேசுங்கள். எபிடியூரல் சிலருக்கு ஒத்துவராது. பிரசவ அறையில் மனம் மாறினாலும் கேட்கலாம். மருந்து பிடிக்க இருபது நிமிடம் வரை ஆகும், அதனால் தயங்கிக்கொண்டே இருக்காதீர்கள்.