லைஃப் ஜக்கெட்டும் ஒரு சின்ன ‘செ’யும்: ஸ்பானிஷ் கேள்வி பதில்

கேள்வி: நான் நிலாவெளியில இருந்து புறாத்தீவுக்கு போட் ஓட்டுறன். ஆகஸ்ட் மாசம் ஸ்பெயின் ஆக்கள் கனபேர் வருவினம், இங்கிலிஷ் அவைக்கும் கொஞ்சம், எனக்கும் கொஞ்சம், அதால போன்ல ஸ்பானிஷ் படிச்சுக்கொண்டு வாறன். போன கிழமை ஒரு அம்மாவுக்கு லைஃப் ஜக்கெட்டைக் குடுத்து ‘பொங்க எல் சலேக்கோ’ எண்டன். அவ அதை வாங்கி பக்கத்துப் பலகையில வடிவா வச்சிட்டு இருந்திட்டா. நான் என்ன பிழையா சொன்னன்? அதோட இந்த ‘செ’ சில இடத்தில முன்னுக்கு வருது, சில இடத்தில பின்னுக்கு ஒட்டுது, ஏன்?
— ஒரு வாசகர், நிலாவெளி

பதில்: தம்பி, அந்த அம்மா நீங்கள் சொன்னதைத்தான் செய்திருக்கிறா. ‘பொங்க’ எண்டா வையுங்கோ. ‘பொங்கசெ’ எண்டாத்தான் போட்டுக்கொள்ளுங்கோ. கடல்ல கொண்டு போற ஆக்களின்ர உயிர் விஷயம் இது, அதால கொஞ்சம் நீட்டாவே சொல்றன்.

தமிழ்ல ‘கொள்’ எண்டு ஒண்டு இருக்கெல்லோ, ‘போடு’ வேற ‘போட்டுக்கொள்’ வேற, ‘கழுவு’ வேற ‘கழுவிக்கொள்’ வேற, செய்யிற வேலை செய்யிற ஆளிட்டையே திரும்பி வாறதை அந்தக் ‘கொள்’ காட்டும், ஸ்பானிஷ்ல அந்த வேலையைத்தான் இந்த ‘செ’யும், நீ எண்டு பேசேக்க வாற ‘தெ’யும் செய்யுது. எல்லா இடத்திலயும் ஒண்டுக்கொண்டு சரியாப் பொருந்தாது, ஆனா தொடங்கிறதுக்கு இதை விட நல்ல பிடி கிடையாது. ‘லெவான்த’ எண்டா தூக்கு, ‘லெவான்ததெ’ எண்டா எழும்பு. எழுப்பு, எழும்பு எண்டு நாங்கள் நடு எழுத்தை மாத்திறம், அவையள் வாலில ஒண்டை ஒட்டினம், அவ்வளவுதான்.

இனி முன்னுக்கா பின்னுக்கா எண்டது. செய் எண்டு சொன்னா பின்னுக்கு ஒட்டும், ஒரே சொல்லா எழுதுவினம். செய்யாதை எண்டு சொன்னா முன்னுக்குத் தனியா நிக்கும். போட்ல நிறையப் பேர் இருப்பினம், அதால பன்மையிலயே பாருங்கோ: ‘லெவான்தென்செ’ எண்டா எழும்புங்கோ, ‘நோ செ லெவான்தென்’ எண்டா எழும்பாதேங்கோ. வினை அப்பிடியே இருக்கு, ‘செ’ மட்டும்தான் இடம் மாறுது. மரியாதையாப் பேசிற எல்லா இடத்திலயும் இப்பிடித்தான். நீ எண்டு பேசினாத்தான் வினையும் சேந்து மாறும், ‘சியென்ததெ’ எண்டா இரு, ‘நோ தெ சியென்தெஸ்’ எண்டா இராதை. அதால நீங்கள் மரியாதை வடிவத்தையே முதல் பாடமாக்குங்கோ, பயணிகளுக்கு அதுதான் பொருத்தமும்.

எங்கட காதுக்கு இதில ஒரு பெரிய இடைஞ்சல் இருக்கு, இதை ஒருத்தரும் சொல்லித் தாறேல்லை. தமிழ்ல ஏவல் ‘தே’யில முடிஞ்சா வேண்டாம் எண்டு அர்த்தம்: ஓடாதே, தொடாதே. ஸ்பானிஷ்ல ‘தெ’யில முடிஞ்சா செய் எண்டு அர்த்தம். நான் கப்பல்ல சமையல்கட்டில நிண்ட காலத்தில பெரு நாட்டுப் பெரிய குக் ‘அபூரதெ, அபூரதெ’ எண்டு கத்துவார், கெதியாச் செய் எண்டு அர்த்தம், எனக்கு அந்த ‘தெ’ காதில விழுந்த உடன கை தானா நிண்டிடும். கிழமைக்கணக்கா எடுத்துது அது பழக. நீங்கள் இதைத் தெரிஞ்சு வச்சுக்கொண்டு தொடங்குங்கோ.

அழுத்தத்தையும் கவனியுங்கோ. ‘சியென்தெ’ எண்டதில பாரம் ‘சியென்’ மேல விழுது, பின்னுக்கு ‘செ’ ஒட்டி ‘சியென்தெசெ’ ஆனாலும் பாரம் அங்கயேதான் நிக்கும், கடைசிக்கு இழுபடாது. அதைக் காட்டத்தான் அந்த உயிரெழுத்துக்கு மேல சரிஞ்ச கோடு போடுறது. ‘பொன்தெ’ (நீ போட்டுக்கொள்) மாதிரி ரெண்டு அசைச் சொல்லுக்கு கோடு தேவையில்லை. நாங்கள் எல்லா அசையையும் ஒரே அளவில சொல்லிப் பழகின ஆக்கள், அதால கையில தட்டித் தட்டிச் சொல்லிப் பாருங்கோ. ‘த’வை ‘பத்து’வில வாற மாதிரி இறுக்கமாச் சொல்லோணும், ‘பந்து’வில வாற மாதிரி இல்லை.

உங்களுக்கு வேண்டியதைத் தாறன். ‘சியென்தென்செ’, இருங்கோ. ‘பொங்கன்செ எல் சலேக்கோ’, ஜக்கெட்டைப் போட்டுக்கொள்ளுங்கோ. அலை வரேக்க ‘அகாறென்செ’, இறுக்கிப் பிடிச்சுக்கொள்ளுங்கோ. ஸ்பெயின் ஆக்கள் தங்கட கூட்டாளிமாருக்கு ‘சென்தாவோஸ்’ எண்டுவினம், அது ‘சென்தாத்’தில கடைசி எழுத்து உதிர்ந்து வந்த வடிவம், விளங்கினாப் போதும், நீங்கள் சொல்லத் தேவையில்லை. பிறகு அவையளைக் கோணேசர் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனா ‘கீத்தென்செ லோஸ் சபாத்தோஸ்’, சப்பாத்தைக் கழட்டுங்கோ. சபாத்தோஸ் வேற ஒண்டுமில்லை, எங்கட சப்பாத்துத்தான், எங்களுக்கு அது போர்த்துக்கேயரிட்டை இருந்து வந்தது, மேசையும் அப்பிடித்தான், ஸ்பானிஷ்லயும் அது ‘மேசா’. உங்கட சப்பாத்து எண்டு சொல்லத் தேவையில்லை பாருங்கோ, யாரின்ர எண்டதை ‘செ’யே சொல்லிப்போடும்.

திரும்பேக்க ‘பாமொனோஸ்’, போவம். முதல் ‘ப’ பஸ்ஸில வாற ‘ப’. ‘பாமோஸ்’ஸும் ‘நோஸ்’ஸும் சேரேக்க நடுவில இருந்த ‘ஸ்’ விழுந்திட்டுது, ‘நாங்கள்’ வாற ஏவல் எல்லாத்திலயும் அது விழும்.

கேள்வி: உப்புவெளியில சின்ன கெஸ்ட் ஹவுஸ் வச்சிருக்கிறம். வாற ஆக்களை ‘சியென்தெசெ’ எண்டு சொல்றதா, ‘சியென்தசெ’ எண்டு சொல்றதா? ரெண்டையும் கேட்டிருக்கிறன்.
— ஒரு வாசகி, உப்புவெளி

பதில்: ரெண்டும் சரி அக்கா, ஆனா ரெண்டும் வேற வேற வினை. ‘சென்தார்செ’ எண்டா இருக்கிறது, அதில வாறது ‘சியென்தெசெ’. ‘சென்தீர்செ’ எண்டா உணர்றது, அதில வாறது ‘சியென்தசெ’. ஒரு உயிரெழுத்துத்தான் வித்தியாசம். வந்த உடன கதிரையை இழுத்து வச்சு ‘சியென்தெசெ’ எண்டுங்கோ, தேத்தண்ணியைக் குடுத்திட்டு ‘சியென்தசெ கோமோ என் சு காசா’ எண்டுங்கோ, உங்கட சொந்த வீடு மாதிரி இருங்கோ எண்டு அர்த்தம்.