முக்கால் லிட்டர் தண்ணீர்

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் கொலுசுப் பட்டறையில் வேலை பார்த்தவர். ஒன்றரை வருஷமாக அவருக்கு இரண்டு கிட்னியும் வேலை செய்யவில்லை. செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்தான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். காலையிலேயே பாட்டிலில் அளந்து வைத்துவிடுவேன். காபி குடித்தால் அந்த அளவை அதிலிருந்து எடுத்துவிடுவேன். ராத்திரி தூக்கம் கலைந்தால் அவர் கையில் பிஸ்துலா வைத்த இடத்தை, டயாலிசிஸ் ஊசி போட ரத்தக் குழாய்களை இணைத்த இடத்தை, தொட்டுப் பார்ப்பேன். பூனை உறுமுவது போல உள்ளே அதிரும். அது அதிர்ந்தால் சரி என்று படுத்துக்கொள்வேன்.

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் புது வருஷத்துக்கென்று எங்கள் குடும்பத்துக்கு வந்த வாக்குத்தத்த வசனம், 'நானே உன் பரிகாரியாகிய கர்த்தர்', அதாவது உன்னைக் குணமாக்குகிறவர். அந்த அட்டையை பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். வருஷம் முடியப்போகிறது. சபையில் ஒரு அம்மா, 'அறிக்கை செய்யாத பாவம் ஏதாவது இருக்கான்னு பாரு' என்றார்கள். இன்னொருவர், விசுவாசம் இருந்தால் டயாலிசிஸை நிறுத்திப் பார்க்கலாமே என்கிறார். போன வாரம் அந்த அட்டையைப் பார்த்து, 'இது பொய்யா ஆண்டவரே?' என்று சத்தமாகக் கேட்டுவிட்டேன். அதற்கப்புறம் ஜெபிக்க வாய் வரவில்லை. என் விசுவாசம் போய்விட்டதா அண்ணா?

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் டயாலிசிஸ். அதை ஒரு வேளைகூட விடாதீர்கள். நின்றால் உடம்பில் நீர் தேங்கும், பொட்டாசியம் ஏறும், இதயத் துடிப்பே தடுமாறி நின்றுவிடும். உங்களுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். நிறுத்தச் சொன்னவருக்குத்தான் தெரியவில்லை. அப்போஸ்தலன் பவுலோடு கூடவே இருந்த லூக்கா ஒரு வைத்தியர். 'பிரியமான வைத்தியன்' என்றுதான் பவுல் அவரைச் சொல்கிறார். அதே பவுல் தன் மாம்சத்தில் குத்தின முள்ளை, தன்னை வாட்டிய ஒரு வேதனையை, எடுத்துவிடும்படி ஆண்டவரிடம் மூன்று தரம் வேண்டிக்கொண்டார். முள் போகவில்லை. அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று உங்கள் சபையில் யாராவது பிரசங்கம் செய்வார்களா?

சரி, அந்த அட்டைக்கு வருகிறேன். வாக்குத்தத்த அட்டைகள் மேல் எனக்கு ஒரு சின்ன வருத்தம் உண்டு. அதில் வசனம் இருக்கும், ஓரத்தில் ரோஜாப்பூ இருக்கும். முன்னும் பின்னும் என்ன நடந்தது என்பது மட்டும் இருக்காது. உங்கள் வசனம் யாத்திராகமம் 15-ல் வருகிறது. எகிப்திலிருந்து தப்பி, செங்கடலைத் தாண்டி வந்த இஸ்ரவேல் ஜனங்கள் மூன்று நாள் வனாந்தரத்தில் தண்ணீர் இல்லாமல் நடக்கிறார்கள். மாரா என்ற இடத்துக்கு வந்தால் அங்கே தண்ணீர் இருக்கிறது, வாயில் வைக்க முடியாத கசப்பு. 'என்னத்தைக் குடிப்போம்' என்று முறுமுறுக்கிறார்கள். அவர்களை நடத்தி வந்த மோசே கர்த்தரை நோக்கிக் கூப்பிடுகிறார், ஒரு மரத்தைப் போட்டதும் தண்ணீர் மதுரமாகிறது. 'நானே உன் பரிகாரியாகிய கர்த்தர்' என்ற வார்த்தை வருவது அங்கேதான். தாகத்தில் கத்தி, தொண்டை கட்டிப்போய் நின்றவர்களிடம் சொன்னது அது. ஒரு மனுஷன் நாக்கை நனைத்துக்கொண்டு அடுத்த மடக்குக்குக் காத்திருக்கிற வீட்டில் அந்த அட்டை ஒட்டியிருக்கிறது. 'இது பொய்யா' என்று நீங்கள் கேட்டபோது, அந்த வசனத்தை முதலில் கேட்டவர்கள் பக்கத்தில்தான் போய் நின்றீர்கள்.

பின்னால் எண்ணாகமத்தில் முறுமுறுப்புக்குத் தண்டனை வருகிறதே என்று யாராவது எழுதுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். வருகிறது. உங்கள் அட்டை வசனத்தின் முன்பாதியில், கர்த்தருடைய நியமங்களைக் கைக்கொண்டால் என்ற நிபந்தனையும் இருக்கிறது. அந்த அம்மா அதைத்தான் பிடித்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் பிறவிக் குருடனைக் காட்டி, இவன் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்று இயேசு சொன்னதும் வேதத்தில்தானே இருக்கிறது? எல்லாவற்றையும் இழந்து, உடம்பெல்லாம் புண்ணாகி உட்கார்ந்திருந்த யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள், ஏழு ராத்திரி ஒரு வார்த்தை பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரைக்கும் நல்லவர்கள். அதற்கப்புறம் வாயைத் திறந்தார்கள், உன் பாவம்தான் என்று. ஆண்டவர் கடைசியில் கோபித்துக்கொண்டது அவர்களை. அத்தனை அதிகாரம் தன்னோடு வழக்காடிய யோபுவைப் பற்றி, என்னைக் குறித்து சரியாகப் பேசினவன் என்றார்.

என் அப்பாவுக்கு ஏற்காட்டில், நாகலூர் பக்கம், கொஞ்சம் காப்பித் தோட்டம் இருந்தது. மாசி பங்குனியில் ஒரு நல்ல மழை விழுந்தால்தான் மொட்டு விரியும். விழுந்து ஒன்பது பத்து நாளில் மலையே மல்லிகை வாசமடிக்கும். மழை தப்பிப்போன ஒரு வருஷம், சாயங்காலம் சில்வர் ஓக் மரத்தடியில் நின்று வானத்தைப் பார்த்து, 'என்னய்யா, பாத்துக்கிட்டுத்தானே இருக்கீர்?' என்று கேட்டார். கடன் வாங்கினவனைக் கேட்கிற மாதிரி. எனக்கு எட்டோ ஒன்பதோ வயது. இடி விழும் என்று பயந்து அம்மாவிடம் ஓடினேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டே, 'அவரு ஜெபம் பண்றாரு, தொந்தரவு பண்ணாதே' என்றார்கள். அந்த வருஷம் காய் பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பா வழக்கம்போல கோவிலுக்கு வந்தார், பாட்டுப் பாடவில்லை, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்னொன்றும் சொல்ல வேண்டும். தண்டைத் துளைக்கிற பூச்சி விழுந்த செடியை அவர் ஒருநாளும் ஜெபித்துவிட்டு விட்டுவைத்ததில்லை. பிடுங்கிக் கொளுத்திவிடுவார்.

வாய் வராத நாட்களுக்கு சங்கீதம் 88 இருக்கிறது. எடுத்து வாசியுங்கள், உங்கள் வீட்டுக்காரருக்கும் கேட்கிற மாதிரி. மற்ற புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் முடிவில் எப்படியோ ஸ்தோத்திரத்துக்குத் திரும்பிவிடும். இது திரும்பாது. தெரிந்தவர்கள் எல்லாம் மறைந்துபோனார்கள் என்பதோடு நின்றுவிடும். அதையும் நம் முன்னோர்கள் வெட்டி எறியாமல் வேதத்தில் வைத்திருக்கிறார்கள்.

அவர் குணமாவாரா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குத் தெரியாது. காப்பீட்டு அட்டை எடுத்துவிட்டீர்களா? முதலமைச்சர் திட்டத்தில் டயாலிசிஸ் உண்டு. மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிவு செய்வது பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு டயாலிசிஸ் இல்லையே. உடம்பு ஒத்துழைத்து, டாக்டரும் சரி என்றால், ஆராதனை முடிந்ததும் இரண்டு பேரும் ஏற்காடு மலைக்கு வாருங்கள். இருபது கொண்டை ஊசி வளைவு, மெதுவாக வரச் சொல்லுங்கள். பாட்டிலை எடுத்து வர மறக்காதீர்கள். உங்களுக்கு முழு டம்ளர் காப்பி. அவருக்கு எவ்வளவு என்று நீங்களே ஊற்றிக் கொடுங்கள்.

அன்புடன்,
அண்ணன்