புரையேறும்போது தலையில் தட்டினால் போதுமா?

நாகர்கோவிலில் பக்கவாதத்தாலும் நடுக்குவாதத்தாலும் (பார்க்கின்சன் நோய்) பாதிக்கப்பட்டவர்களுக்குப் பேச்சுப் பயிற்சியும் விழுங்கல் பயிற்சியும் அளித்து வருகிறேன். நம் உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளில் பல வீடுகளுக்கும் பொருந்துபவற்றுக்கு இங்கே விடையளிக்கிறேன். நோயாளியை நேரில் பாராமல் எழுதப்படும் விடைகள் இவை என்பதை மனத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

கேள்வி (குளச்சல்): அம்மைக்குப் பக்கவாதம் வந்து பத்து நாள் ஆகிறது. இட்லியைக் குழைத்துக் கொடுத்தால் இறங்கிவிடுகிறது. கஞ்சித் தண்ணீரோ கட்டன் சாயாவோ கொடுத்தால் உடனே புரையேறுகிறது. தண்ணீரே இறங்காதபோது இட்லி எப்படி இறங்குகிறது?

பதில்: நீங்கள் கவனித்தது மிகச் சரியானது. உடம்புக்கு முடியாதவர்களுக்கு முதலில் தண்ணீர்போல எதையாவது ஊற்றுவது நம் வழக்கம். விழுங்கல் பாதிக்கப்பட்டவருக்கு மிகக் கடினமானதே அந்தத் தண்ணீர்தான். நாக்கு உணவைத் திரட்டித் தொண்டைக்குத் தள்ளியதும் குரல்வளை மேலெழும்புகிறது, குரல்வளை மூடி சாய்கிறது, குரல் நாண்கள் ஒட்டிக்கொள்கின்றன. இவை அனைத்தும் ஏறத்தாழ ஒரு நொடிக்குள் முடிந்து, மூச்சுக்குழாய் அடைபட்டு உணவுக்குழாய் திறக்கிறது. பக்கவாதத்தில் இந்தச் செயல் சற்றே தாமதமாகத் தொடங்கினாலும் போதும், தண்ணீர் அதற்குக் காத்திராமல் மூச்சுக்குழாய்க்குள் வழிந்துவிடுகிறது. குழைந்த இட்லி மெதுவாக நகர்வதால் தசைகளுக்கு அவகாசம் கிடைக்கிறது.

ஆகவே நீராகாரத்தைச் சற்றுக் கெட்டியாக்கிக் கொடுக்கும் முறை உண்டு. நம் ஊரில் கிடைக்கும் கூவைக்கிழங்கு மாவைக் காய்ச்சிச் சேர்க்கலாம். ஆனால் மாவுப்பொருள் சேர்த்தவை எச்சில் பட்டால் மீண்டும் நீர்த்துப்போகும் என்பதால், வாயில் வைத்த கரண்டியைக் கிண்ணத்தில் திரும்பப் போடாமல், சிறிது சிறிதாக வேறு பாத்திரத்தில் எடுத்துக் கொடுங்கள். எவ்வளவு கெட்டி என்பதை அளக்க ஓர் எளிய சோதனை இருக்கிறது. 10 மில்லி கோடு வரையிலான அளவுக்கோட்டின் நீளம் 61.5 மில்லிமீட்டர் உள்ள ஊசிக்குழலில் (சிரிஞ்சு) அந்த நீராகாரத்தை 10 மில்லி வரை நிரப்பி, 10 நொடி ஒழுகவிட வேண்டும். மீதி 1 மில்லிக்கும் குறைவாக இருந்தால் அது வெறும் தண்ணீர்; 4 முதல் 8 மில்லி வரை நின்றால் மிதமான கெட்டி. எந்த அளவு உங்கள் அம்மைக்கு ஏற்றது என்பதை அவரைப் பரிசோதித்தவரே சொல்ல வேண்டும். கெட்டியாக்கிய நீரை நோயாளிகள் விரும்பிக் குடிப்பதில்லை. அதனால் உடலில் நீர் வற்றிவிடும் ஆபத்தும் உண்டு. ஒரு நாளில் எவ்வளவு உள்ளே சென்றது என்று எழுதி வையுங்கள்.

நன்றாக விழித்திருக்கும்போது மட்டும், நிமிர்ந்து உட்காரவைத்து, சிறு கரண்டியால் கொடுங்கள். தலையை அண்ணாக்கச் செய்து ஊற்றவே கூடாது. அந்த நிலையில் மூச்சுப்பாதை இன்னும் அகலமாகத் திறக்கிறது. பலவீனமான பக்கத்துக் கன்னத்தில் சோறு தேங்கியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். உண்டபின் அரை மணி நேரம் சாய்க்க வேண்டாம். மோவாயைச் சற்றுத் தாழ்த்தி விழுங்குவது சிலருக்கு உதவும், சிலருக்குக் கெடுதல் செய்யும். கேள்விப்பட்டதை வைத்து முயல வேண்டாம். பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குத் தொடக்கத்தில் இந்தச் சிரமம் இருக்கிறது என்பதும், அவர்களில் பலர் சில வாரங்களில் தேறுகிறார்கள் என்பதும் உங்களுக்கு ஆறுதல் தரும்.

கேள்வி (தக்கலை): அப்பாவுக்கு நடுக்குவாதம். ஓராண்டில் மூன்று முறை நெஞ்சில் சளி கட்டி மருத்துவமனையில் சேர்த்தோம். சாப்பிடும்போது இருமுவதே இல்லை. ஆகவே விழுங்குவதில் குறை இருக்காது என்று நினைக்கிறோம். எப்போதாவது புரையேறினால் தலையில் தட்டி, யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லிவிடுவோம்.

பதில்: இருமல் இல்லாததுதான் என்னைக் கவலைகொள்ள வைக்கிறது. நலமாக இருப்பவருக்குப் புரையேறினால் இருமல் வந்து மூச்சுக்குழாயைத் துப்புரவாக்கிவிடும். அந்த இருமல் ஒரு காவல். நடுக்குவாதத்திலும் பக்கவாதத்திலும் தொண்டையின் உணர்வு மங்கிப்போவதால், உணவும் எச்சிலும் ஓசையின்றி நுரையீரலுக்குள் இறங்கக்கூடும். சாப்பிட்டபின் குரல் நீர் கட்டியதுபோல் ஒலிக்கிறதா, காரணம் தெரியாத காய்ச்சல் வந்து போகிறதா, சாப்பாட்டு நேரம் நீள்கிறதா, எடை குறைகிறதா என்று கவனியுங்கள். எக்ஸ்ரேயில் தெரியும் பேரியம் என்ற பொருள் கலந்த உணவை விழுங்கச் செய்து எக்ஸ்ரே காணொளியாகப் பதிவு செய்யும் சோதனையோ, மூக்கு வழியாக மெல்லிய கேமராவைச் செலுத்தித் தொண்டையைப் பார்க்கும் சோதனையோ செய்தால்தான் உண்மை தெரியும். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் இந்தச் சோதனை வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். நடுக்குவாத மாத்திரை நன்றாக வேலை செய்யும் வேளையில் உணவு கொடுத்தால் விழுங்குவது பலருக்கு எளிதாகிறது.

வாயைத் தூய்மையாக வைப்பதை நான் மருந்துக்கு இணையாகச் சொல்வேன். அழுக்கான வாயிலிருந்து இறங்கும் எச்சில் நுரையீரலுக்குக் கிருமிகளையும் கொண்டு செல்கிறது. பொய்ப்பல் இருந்தால் இரவில் கழற்றிக் கழுவி வையுங்கள்.

கேள்வி (மார்த்தாண்டம்): வயது 52. இரண்டு மாதமாகச் சோறும் இறைச்சியும் நடுநெஞ்சில் நிற்கின்றன. இப்போது குழைந்த சோறும் நிற்கிறது. எடை குறைந்துவிட்டது. வெற்றிலையுடன் புகையிலை போடும் பழக்கம் உண்டு. வாயுவாக இருக்குமா?

பதில்: வாயு என்று எண்ணிக் கஷாயம் குடித்துக் காத்திருக்காதீர்கள். முதலில் கெட்டியானது, பிறகு மென்மையானது என்று படிப்படியாகக் கூடும் தடை, எடைக் குறைவு, புகையிலை ஆகிய மூன்றும் சேர்ந்தால் உணவுக்குழாய்ப் புற்றுநோய் இல்லை என்று முதலில் உறுதிசெய்ய வேண்டும். இந்த வாரமே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ வேறு மருத்துவமனைக்கோ சென்று எண்டோஸ்கோபி பற்றிக் கேளுங்கள். அமிலத்தால் ஏற்பட்ட சுருக்கமாகவோ, உணவுக்குழாயின் கீழ்வாயில் இறுகும் கோளாறாகவோ இருந்தாலும் அவற்றுக்கும் நல்ல சிகிச்சை உண்டு.

கேள்வி (முட்டம்): மரச்சீனிக் கிழங்கும் மீனும் இல்லாமல் அப்பா சாப்பிடமாட்டார். முழுவதும் நிறுத்த வேண்டுமா?

பதில்: ஒருவர் ஆயுள் முழுவதும் உண்ட சுவையைப் பறித்தால் அவர் சாப்பிடுவதையே விட்டுவிடுவார். கிழங்கின் நடு நரம்பை எடுத்து, நன்றாக வேகவைத்து, குழம்பு ஊற்றி ஈரமாக மசியுங்கள். உலர்ந்த கிழங்கு தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். மீனை முள் நீக்கி விரலால் தடவிப் பார்த்து உதிர்த்துக் கலக்குங்கள். முள்கரண்டியால் அழுத்தினால் நசுங்க வேண்டும். நீரும் கட்டியும் தனித்தனியாகப் பிரியக் கூடாது. அந்தக் காரணத்தால்தான் கஞ்சியில் பயறு மிதக்கும்படி கொடுப்பதைவிடச் சேர்த்து அரைத்துக் கொடுப்பது நல்லது.

கேள்வி (தோவாளை): மாத்திரையைப் பொடித்து மட்டிப்பழத்தில் வைத்துக் கொடுக்கலாமா?

பதில்: மசித்த பழத்தில் வைத்துக் கொடுப்பது நல்ல வழி. ஆனால் மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரைகளையும் மேலுறை இட்டவற்றையும் பொடித்தால் மருந்து ஒரேயடியாக இறங்கலாம், அல்லது வயிற்றிலேயே கெட்டுப்போகலாம். மருந்துக் கடையில் கேட்ட பிறகே பொடியுங்கள்.

கேள்வி (கருங்கல்): மூக்குக் குழாய் வைத்து ஐந்து வாரம் ஆகிறது. குழாய் இருப்பதால் இனி நுரையீரலுக்குப் பயமில்லையே? அப்பா வாயால் ஒரு வாய் கேட்கிறார். கொடுக்காமலிருக்க மனம் ஒப்பவில்லை.

பதில்: குழாய் உணவைத் தருகிறது, எச்சிலையும், வயிற்றிலிருந்து மேலேறி வருவதையும் அது தடுக்காது. ஆகவே குழாயில் ஊற்றும்போதும் அதன் பிறகும் தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி வரை உயர்த்தியே வையுங்கள். நான்கு முதல் ஆறு வாரங்களைக் கடந்தும் குழாய் தேவைப்படுமானால், வயிற்றில் நேரடியாக வைக்கும் குழாயைப் பற்றி மருத்துவரிடம் பேச வேண்டிய காலம் வந்துவிட்டது. அவர் கேட்கும் அந்த ஒரு வாயைப் பற்றியும் அப்போதே கேளுங்கள். பரிசோதனையில் இடம் இருக்குமானால், வாயை முதலில் துலக்கி, நிமிர்த்தி அமர்த்தி, மசித்த பழம் கால் கரண்டி கொடுத்து, விழுங்கி முடித்ததும் பேசச் சொல்லிக் குரல் தெளிவாக இருக்கிறதா என்று கேட்ட பிறகே அடுத்ததைக் கொடுங்கள்.