இரண்டடித் தொட்டியில் எந்த மீனுக்கு எது துணை?

கேள்வி: கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். பிள்ளைகள் கேட்டார்கள் என்று இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டி வாங்கினோம். கடைக்காரர் அன்றே 4 தங்கமீன், 2 ஏஞ்சல், 6 நியான் டெட்ரா, ஒரு குட்டி ஷார்க், ஒரு பண்டாராயா மீன் (கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு பாசி தின்னும் மீன்) எல்லாம் கொடுத்துவிட்டார். மூன்று வாரத்துக்குள் தங்கமீன், நியான் மொத்தமும் செத்துவிட்டன. கடையில் கேட்டால் மருந்து ஊற்றச் சொல்கிறார். வாஸ்து பார்க்க வந்தவரோ 8 சிவப்பு, 1 கறுப்பு என்று 9 மீன் வைக்கவேண்டும், 388 வெள்ளிக்கு நானே ஏற்பாடு செய்கிறேன் என்கிறார். எந்தெந்த மீனைச் சேர்த்து வளர்க்கலாம்?

பதில்: மருந்து எதுவும் ஊற்ற வேண்டாம், சகோதரி. நீங்கள் எழுதியதில் நோய்க்கான அடையாளம் ஒன்றுகூட இல்லை. உடம்பில் வெள்ளைப் புள்ளி, அரித்த வால் என்று எதையும் சொல்லவில்லை. தொட்டி தயாராவதற்கு முன்பே 14 மீன் போட்டிருக்கிறீர்கள், அதுவும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மீன்கள்.

எந்த மீன் எதோடு சண்டை போடும் என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை இரண்டு: நம் வீட்டுச் சூட்டை அந்த மீன் தாங்குமா, வளர்ந்தால் எவ்வளவு பெரிசாகும்.

ஏர்கோன் போடாத கோலாலம்பூர் வீட்டு ஹாலில் தொட்டித் தண்ணீர் சாதாரணமாக 28, 29 டிகிரியில் நிற்கும். தங்கமீன் குளிர்ந்த தண்ணீர் மீன். நம் ஊர்ச் சூடு அதற்குச் சிரமம். தண்ணீர் சூடாக ஆக அதில் ஆக்சிஜன் குறையும். தங்கமீனோ நிறையத் தின்று நிறையக் கழிக்கும். அந்தக் கழிவிலிருந்து வருகிற அமோனியா சூட்டில் இன்னும் கடுமையான விஷம். நியான் டெட்ராவும் 26 டிகிரியைத் தாண்டினால் தளர்ந்துபோகும். இந்த இரண்டும் முதலில் போனதில் எனக்கு ஆச்சரியமில்லை.

இனி அளவு. ஷார்க் என்று விற்கப்படும் சாம்பல் நிறக் குட்டி பெரும்பாலும் பாத்தின்தான். சந்தையில் வாங்கித் தெம்போயாக் (புளிக்கவைத்த டுரியான்) போட்டுக் குழம்பு வைக்கிறார்களே, அதே மீன். ஒரு மீட்டருக்கு மேல் வளரக்கூடியது. பண்டாராயா ஒன்றரை அடி வரும். அது தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்கிறார்கள். அது போடும் கழிவை யார் சுத்தம் செய்வது என்று ஒருவரும் கேட்பதில்லை. ஏஞ்சல் உள்ளங்கை அளவு வந்ததும் நியானை விழுங்கிவிடும். உங்கள் தொட்டியில் மணலும் மேல் இடைவெளியும் போனால் 45 லிட்டர் தண்ணீர் நின்றால் பெரிது.

இதையெல்லாம் ஒரு சின்ன அட்டையில் எழுதிக் கடைத் தொட்டியில் ஒட்ட எவ்வளவு நேரம் ஆகும்? வளர்ந்த அளவு, தாங்கும் சூடு, எத்தனை மீனாக வளர்க்க வேண்டும் என்ற மூன்று வரி போதும். நம் நாட்டு அலங்கார மீன் உலகமெங்கும் போகிறது. வெளிநாட்டுக்குப் போகிற பெட்டிக்குச் சுகாதாரச் சான்றிதழ் கேட்கிறார்கள். செந்தூலுக்கு வருகிற மீனுக்குப் பிளாஸ்டிக் பையும் ரப்பர் பேண்டும்தான். கேட்டால், வாங்குகிறவர்தான் விசாரித்து வாங்கணும் என்பார்கள். பத்து வயதுப் பிள்ளை பசார் மாலத்தில், அந்த இரவுச் சந்தையில் எதை விசாரிக்கும்?

தொட்டி, ஃபில்டர், மீன் எல்லாவற்றையும் ஒரே நாளில் கட்டிக்கொடுக்கும் கடையை நம்பாதீர்கள். மீன் கழிவில் வரும் அமோனியாவை ஒருவகைப் பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் மீனைக் கொல்லும், மூன்றாவது அவ்வளவாகப் படுத்தாது. இந்தப் பாக்டீரியா ஃபில்டர் ஸ்பாஞ்சில் குடியேற 4 முதல் 6 வாரம் பிடிக்கும். கடையில் பாட்டிலில் அடைத்து விற்கும் பாக்டீரியாவை ஊற்றினால் இன்றே மீன் போடலாம் என்பார்கள், போடாதீர்கள். நன்றாக ஓடுகிற தொட்டி வைத்திருக்கும் தெரிந்தவரிடம் பழைய ஸ்பாஞ்சில் பாதியை வெட்டி வாங்கி உங்கள் ஃபில்டரில் வையுங்கள். காசே செலவில்லை, அந்தப் பாட்டிலைவிட நன்றாக வேலை செய்யும். ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவவே கழுவாதீர்கள், குளோரின் எல்லாவற்றையும் கொன்றுவிடும்.

பளிச்சென்று இளஞ்சிவப்பு, நீலக் கோடு போட்ட கண்ணாடி மீன் காட்டினால் அந்தக் கடையை விட்டே வெளியே வந்துவிடுங்கள். சாயத்தை ஊசியால் ஏற்றியிருப்பார்கள்.

இனி வாஸ்துக்காரர். எட்டும் ஒன்றும் என்பது சீனர்களின் ஃபெங் சுயி கணக்கு. நம்மவர் அதையே வாஸ்து என்று பெயர் மாற்றி விற்கிறார். நம்பிக்கையைப் பற்றி எனக்குப் பேச்சில்லை. ஆனால் அவர் கொண்டுவரப்போவது 9 தங்கமீன், அதில் சந்தேகம் வேண்டாம். அவை ஒவ்வொன்றாகச் சாகும். செத்த மீன் உங்கள் வீட்டுத் திருஷ்டியை வாங்கிக்கொண்டது, உடனே புதிசு போடணும் என்று அவரே மறுபடி வருவார். உங்கள் திருஷ்டி எங்கும் போகவில்லை, மீன் அமோனியாவால் செத்தது. இப்படி மாசாமாசம் மீன் வாங்கிக்கொண்டிருக்கும் வீடுகளை எனக்குத் தெரியும்.

உங்கள் தொட்டிக்கு ஹார்லெக்வின் ரஸ்போரா 8 வாங்குங்கள். செம்பு நிற உடம்பில் கறுப்பு முக்கோணம் போட்ட சின்ன மீன். 4, 5 சென்டிமீட்டருக்கு மேல் வளராது. நம் தீபகற்பத்து ஓடைகளிலேயே வாழ்கிற மீன் என்பதால் இந்தச் சூடும் மென்மையான தண்ணீரும் அதற்குப் பழக்கம். கூட்டமாக இருந்தால்தான் தைரியமாகத் திரியும், ஆறுக்குக் குறைக்காதீர்கள். அடியில் திரிய, பாம்புபோல் நெளியும் கூலி லோச் நாலைந்து போதும். மணல் போட்டிருக்க வேண்டும், கூர்மையான கல் வேண்டாம். டைகர் பார்ப் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம், மற்றதன் வாலைக் கடிக்கும். கப்பி வேண்டுமென்றால் தனித் தொட்டியில் ஆண் கப்பி மட்டும். பெண் ஒன்று வந்தாலும் மாதக்கணக்கில் குட்டி போட்டுக்கொண்டே இருக்கும்.

சரி, வீட்டில் பெரியவர்கள் அந்த ஒரு கறுப்பு மீனை விடமாட்டோம் என்றால் ஒரு வழி இருக்கிறது. ரஸ்போரா எட்டும் சிவப்புக் கணக்குக்கு ஒத்துக்கொள்ளும். கறுப்புக்கு ஒரு பேட்டா, அதாவது நாம் சண்டை மீன் என்கிறோமே, அதில் ஒரே ஒரு ஆண். இரண்டு ஆணை ஒருபோதும் சேர்க்கக் கூடாது. தனி பேட்டா எல்லா மீனையும் அடிக்காது. நீளத் துடுப்பும் பளிச்சென்ற நிறமும் உள்ள மீனைப் பார்த்தால்தான் அதற்கு ஆத்திரம் வரும். ரஸ்போரா அப்படியில்லை, வேகமாகவும் ஓடும். குட்டை வால் பிளாக்காட் வகை சண்டைக்கென்றே வளர்த்த பரம்பரை, அதை விட்டு நீள வால் வாங்குங்கள். ரஸ்போராவை முதலில் விட்டு இரண்டு வாரம் பழகவிடுங்கள். கடைசியாக, இரவில் விளக்கை அணைத்த பிறகு பேட்டாவை விடுங்கள். முதல் நாள் செவுளை விரித்து முறைத்துப் பார்க்கும், அது பரவாயில்லை. மூன்றாம் நாளும் விடாமல் துரத்தினாலோ, ரஸ்போரா எல்லாம் ஒரு மூலையில் ஒண்டிக் கிடந்தாலோ எடுத்துவிடுங்கள். அதற்கென்று மூடி போட்ட சின்னத் தொட்டி ஒன்றை முன்பே எடுத்து வையுங்கள். பெரிய தொட்டிக்கும் மூடி வேண்டும், பேட்டா எகிறிக் குதிக்கும். தண்ணீரை வேகமாக அடிக்கும் ஃபில்டர் அதற்கு ஆகாது, ஸ்பாஞ்ச் ஃபில்டர்தான் சரி. இத்தனையும் சேர்த்தாலும் மீனுக்கு 388 வெள்ளியில் பாதிகூட ஆகாது.

வாரம் ஒருமுறை கால் பங்குத் தண்ணீர் மாற்றுங்கள், ஆன்டி குளோரின் விட்டு. ஆன்டி குளோரின் விடாமல், குளோரின் போகட்டும் என்று தண்ணீரை வாளியில் பிடித்துவைப்பவர்கள் மூடி வையுங்கள், ஏடிஸ் கொசுப்புழு வந்தால் சம்மன் வீட்டுக்கே வரும். கிள்ளான் பள்ளத்தாக்கில் தண்ணீர் வெட்டு எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்! குழாய் வறண்ட பிறகு அறிவிப்பு வருவதும் உண்டு. மூடிய வாளி ஒன்றை எப்போதும் மீனுக்கென்று ஒதுக்கி வையுங்கள். சப்ளை திரும்பியதும் வருகிற கலங்கல் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

மிச்சமிருக்கும் ஏஞ்சல், ஷார்க், பண்டாராயா மூன்றையும் புது மீன் வாங்குவதற்கு முன்பே வெளியேற்ற வேண்டும். கடைக்காரரிடம் பணம் கேட்காமல் திருப்பிக் கொடுங்கள், பலர் வாங்கிக்கொள்வார்கள். மறுத்தால் ஐந்தடி, ஆறடித் தொட்டி வைத்திருப்பவரைத் தேடுங்கள். கோயில் குளத்திலோ தித்திவங்சா ஏரியிலோ பக்கத்து ஆற்றிலோ மட்டும் விடாதீர்கள். கிள்ளான் ஆற்றில் பண்டாராயா ஏற்கெனவே பெருகிக் கிடக்கிறது. அத்தனையும் தென் அமெரிக்க மீன், யாரோ ஒருவர் தொட்டியிலிருந்து கொண்டுபோய் விட்டதுதான்.