செகண்ட் ஹேண்ட் கார் கேள்வி-பதில்: இன்ஜின் ஆறியிருக்கும்போது போய்ப் பாருங்கள்

கேள்வி: கார் கன்சல்டிங்கில் 3.4 லட்சத்துக்கு வண்டி வாங்கினேன். மீட்டரில் 41,000 கிலோமீட்டர். சர்வீஸுக்கு விட்டபோது, இரண்டு வருடத்துக்கு முன்பே 93,000 ஓடியதாகப் பதிவு இருக்கிறது என்றார்கள். கடைக்காரர், "எனக்கும் இப்படித்தான் வந்தது" என்கிறார். (சேலம்)

பதில்: உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. மீட்டரைத் திருப்பியவர் வேறு யாராகவோ இருக்கட்டும். 41,000 என்று சொல்லிக் காசு வாங்கியது அந்தக் கடை. சர்வீஸ் பதிவை முத்திரையோடு கேட்டு வாங்குங்கள். விளம்பரம், வாட்ஸ்அப் பேச்சு, ரசீது எதையும் அழிக்காதீர்கள். முதலில் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போட்டுப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். 15 நாள் அவகாசம் போதும். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டுப் புகாரைப் பதியுங்கள். அப்புறமும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. கடை வேறு ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு வருடம் தாண்டிவிடக் கூடாது, அவ்வளவுதான். விடாதீர்கள்.

கேள்வி: "ராணுவத்தில் இருக்கிறேன், இடமாற்றம், அதனால் பாதி விலை" என்கிறார். போட்டோ, ஆர்.சி. எல்லாம் அனுப்பினார். டோக்கன் அட்வான்ஸ் 10,000 அனுப்பலாமா? (கரூர்)

பதில்: அனுப்பாதீர்கள். வண்டியைத் தொட்டுப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

கேள்வி: மிருதங்கம், கடம், ஸ்பீக்கர் பெட்டிகளோடு கச்சேரிக்குப் போகிறவன் நான். உயரமான எஸ்.யூ.வி. பிடிக்கவில்லை. பழைய ஸ்டேஷன் வேகன் (கூரை டிக்கி வரை நீண்ட, பின்கதவு வைத்த தாழ்வான கார்) தேடலாமா? (கோவை)

பதில்: இப்படி ஒரு கடிதத்துக்காகத்தான் காத்திருந்தேன். 1992-ல் டாடா எஸ்டேட் வந்தது. பிறகு மாருதி பலேனோ ஆல்டுரா, ஓப்பல் கோர்சா ஸ்விங், ஃபியட் சியனா வீக்எண்ட், ஸ்கோடா ஆக்டேவியா காம்பி, 2004-ல் டாடா இண்டிகோ மரீனா. ஒன்றுகூட நிலைக்கவில்லை. வயதானவர்கள் சிரமப்படாமல் ஏறி இறங்கலாம், வளைவில் வண்டி சாயாது, பின்சீட்டை மடக்கினால் ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்கலாம். ஒரு குடும்பத்துக்கு வேறென்ன வேண்டும்? நம் ஆட்கள் "ஆம்புலன்ஸ் மாதிரி இருக்கு" என்று ஒதுக்கினார்கள். போதாததற்கு 2006 பட்ஜெட்டில், நான்கு மீட்டர் நீளத்துக்குள் அடங்கும் சின்ன இன்ஜின் கார்களுக்கு மட்டும் கலால் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆக்கினார்கள். கம்பெனிகள் நீளத்தை வெட்டி உயரத்தைக் கூட்ட ஆரம்பித்தன. வேகனுக்கு நீளம்தான் உயிர். இன்று பத்து லட்சம் கொடுத்து வாங்கும் குட்டி எஸ்.யூ.வி.யில் உங்கள் ஸ்பீக்கர் பெட்டிகளை வைத்தால் மிருதங்கம் யார் மடியிலாவதுதான் வர வேண்டும். இருபது வருடமாக இதைச் சொல்லி வருகிறேன், இன்னும் ஆறவில்லை.

சரி, வாங்குவதானால் மரீனாவைப் பாருங்கள். சாதாரண இண்டிகோ காரின் இன்ஜின், சஸ்பென்ஷன் பாகங்கள் பொருந்தும். பின்கதவுக் கண்ணாடியோ பின்விளக்கோ உடைந்த வண்டி வேண்டாம். தேடி அலைய நேரும். 15 வருடம் தாண்டிய வண்டிகள் என்பதால் ஆர்.சி. புதுப்பித்திருக்கிறதா என்று பாருங்கள்.

காலையில் போங்கள். ஒரு வேகன் மேல் ஆசைப்பட்டு நான் சாயங்காலம் போய்ப் பார்த்தேன். அதற்கு முன்பே இன்ஜினை ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருந்தார்கள். அருமையாக ஓடியது. மறுநாள் காலை ஸ்டார்ட் செய்ததும் தெரு முழுக்க ஆயில் எரிகிற நீலப் புகை. ஹெட்டைக் கழற்றி, ரிங், வால்வு வேலை முடிப்பதற்குள் வண்டி விலையில் பாதி போய்விட்டது. அன்றிலிருந்து பானட்டில் கை வைத்து, சில்லென்று இருந்தால்தான் சாவியைக் கேட்பேன்.

கேள்வி: வாரம் இரண்டு முறை கொடைக்கானல் ஏற வேண்டும். கியர் வண்டியா, தானே கியர் மாற்றும் ஏ.எம்.டி.யா? (வத்தலக்குண்டு)

பதில்: கியர் வண்டி. ஏ.எம்.டி.க்குள்ளும் அதே கிளட்ச் பிளேட்டும் கியர் பாக்ஸும்தான் இருக்கின்றன. காலும் கையும் செய்கிற வேலையை மோட்டார் செய்கிறது. 2014-ல் மாருதி செலேரியோவோடு இங்கே வந்தது. ஊருக்குள் நெரிசலில் முட்டிக்கு நல்லது, மறுக்கவில்லை. ஆனால் கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் திரும்பும்போது அடுத்து எந்த கியர் வேண்டும் என்பது கண்ணால் பார்க்கிற உங்களுக்குத்தான் முன்கூட்டியே தெரியும். இறங்கும்போதும் இரண்டாம் கியரில் பிடித்து இறக்கினால் பிரேக் காயாது.

பழைய கியர் வண்டியில் கிளட்ச்சைச் சோதித்துவிடுங்கள். சமதரையில் நான்காவது கியரில் 40-ல் போகும்போது ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதியுங்கள். இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் பிளேட் தேய்ந்துவிட்டது. அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

கேள்வி: ஆபீஸுக்கு 5 கிலோமீட்டர். 2021 மாடல் டீசல் சல்லிசாக வருகிறது. (திருவள்ளூர்)

பதில்: பெட்ரோல் பாருங்கள். பி.எஸ்.6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசலின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் ஃபில்டர் உண்டு. வண்டி சூடேறி நீண்ட தூரம் ஓடினால்தான் அந்தக் கரி எரியும். ஐந்து கிலோமீட்டரில் அடைத்துக்கொள்ளும்.

கேள்வி: எட்டு மாதம் முன்பு காரைப் புரோக்கரிடம் விற்றேன். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் எதையும் நிரப்பாமல் வெறுமனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இப்போது ஓவர் ஸ்பீடு சலான் என் செல்போனுக்கு வருகிறது. புரோக்கர் போனை எடுப்பதில்லை. (மதுரை)

பதில்: இதே கடிதம் ஊர்ப் பெயர் மட்டும் மாறி வந்துகொண்டே இருக்கிறது. கோபம்தான் வருகிறது. வீட்டை விற்றால் நிரப்பாத பத்திரத்தில் கையெழுத்துப் போடுவீர்களா? சலான் சின்ன விஷயம். அந்த வண்டி யார் மேலாவது மோதினால், ஆர்.சி.யில் பெயர் உள்ளவர்தான் உரிமையாளர் என்று 2018-ல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்ஷூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா என்று எம்-பரிவாகன் என்கிற அரசு செயலியில் இன்றே பாருங்கள். முடிந்திருந்தால் நஷ்ட ஈடு உங்கள் தலையில்தான் விழும். மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளில் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்திருக்க வேண்டும். தாமதமானாலும் விற்ற தேதி, புரோக்கர் பெயர், பணம் வந்த வங்கிக் கணக்குத் தாள் எல்லாம் வைத்து எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். காவல் நிலையத்தில் மனு கொடுத்து சி.எஸ்.ஆர். (மனுவைப் பெற்றதற்கான) ரசீது இல்லாமல் வீட்டுக்குத் திரும்பாதீர்கள்.