கம்ப்யூட்டர் கேள்வி பதில்: அழிச்ச ஃபைல் எங்க போச்சு?

கேள்வி: அண்ணை, புறக்கோட்டையில ஒரு மொத்தக் கடைக்கு பில்லிங் சேர்வர் பார்க்கிறன், உபுண்டு போட்டது, லாக் எல்லாம் சேருற வார் பார்ட்டிஷன் 40 ஜிபி, அதின்ர ஃபைல் சிஸ்டம் ஈஎக்ஸ்டி4. நேற்று காலமை டிஸ்க் நிரம்பி பில் அடிக்கேலாமப் போச்சு. ப்ரோக்ராம் தன்ர வேலையைக் குறிச்சு வைக்கிற லாக் ஃபைல் ஒண்டு 22 ஜிபிக்கு வளர்ந்து கிடந்தது, அதை ஆர்எம் கட்டளை போட்டு அழிச்சிட்டன், ஆனா டிஎஃப் கட்டளை இன்னும் 100 வீதம் எண்டுதான் காட்டுது. டியூ போட்டா 16 ஜிபிதான் வருது. எதை நம்புறது?
– வெள்ளவத்தை வாசகர்

பதில்: ரெண்டையும் நம்புங்கோ தம்பி. டியூ ஒவ்வொரு ஃபோல்டராப் போய் பேர் இருக்கிற ஃபைல்களை மட்டும் கூட்டும், டிஎஃப் எவ்வளவு இடம் பிடிபட்டிருக்கு எண்டு ஃபைல் சிஸ்டத்திட்டயே கேக்கும். உபுண்டு மாதிரி யுனிக்ஸ் வகையில ஆர்எம் எடுக்கிறது பேரை மட்டும்தான், ஒரு ப்ரோக்ராம் அந்த ஃபைலைத் திறந்து வச்சிருந்தா அது மூடுற வரைக்கும் இடம் விடுபடாது. உங்கட கடையில கொப்பியில மூட்டையை வெட்டிப்போட்டாலும் மூட்டை தூக்கிற நாட்டாமையின்ர தோளில அது இன்னும் கிடக்கிற மாதிரித்தான். 16உம் 22உம் 38, மிச்சம் 2 ஜிபி ஈஎக்ஸ்டி4 ரூட் எண்ட நிர்வாகிக் கணக்குக்கெண்டு ஒதுக்கி வைக்கிற 5 வீதம், கணக்கு சரியா வருது பாருங்கோ. அந்த 5 வீதத்தில கை வைக்காதேங்கோ, டிஸ்க் நிரம்பின நேரத்தில ரூட்டா உள்ளுக்க போய் திருத்த உதவுறது அதுதான்.

இப்ப நிர்வாகி உரிமை தாற சூடோ போட்டு, திறந்திருக்கிற ஃபைல்களைக் காட்டுற எல்எஸ்ஓஎஃப் அடியுங்கோ, ஒரு இடைவெளி விட்டு பிளஸ், பெரிய எல், 1. பேர் போயும் திறந்தே கிடக்கிற ஃபைல்கள் வரும், எந்த ப்ரோக்ராம் பிடிச்சிருக்கு எண்டும் தெரியும். அந்த சேர்விஸை மட்டும் ரீஸ்டார்ட் பண்ணினாக் காணும், முழு மெஷினையும் ரீபூட் பண்ணத் தேவையில்லை, யாவாரம் நடக்கிற நேரத்தில பண்ணாமல் கடை பூட்டினாப் பிறகு செய்யுங்கோ.

அதுவரைக்கும் பொறுக்கேலாதெண்டா, ப்ரோக் ஃபோல்டருக்க அந்த ப்ரோசஸ் நம்பர், அதுக்குள்ள எஃப்டி ஃபோல்டர், அதுக்குள்ள எல்எஸ்ஓஎஃப் காட்டின எண், அதை ட்ரங்கேட் பண்ணி அளவைப் பூச்சியமாக்கலாம். ஆனா லாக் ஃபைல் எண்டு நிச்சயமாத் தெரிஞ்சா மட்டும்தான், டேட்டாபேஸ் ஃபைலில இதைச் செய்தா கடைக் கணக்கே போயிரும், ரெண்டு தரம் பார்த்திட்டுச் செய்யுங்கோ.

இனிமேல் ஓடிக்கொண்டிருக்கிற லாக்கை ஆர்எம் பண்ணாதேங்கோ, ட்ரங்கேட் மைனஸ் எஸ் 0 போடுங்கோ, லாக்குகளை வளரவிடாமல் தானா மாத்திற லாக்ரொட்டேட்டில அந்த ஃபைலையும் சேர்த்து விடுங்கோ. டிஎஃப்ல இடம் இருக்கெண்டு காட்டியும் எழுதேலாமல் இருந்தா டிஎஃப் மைனஸ் ஐ போட்டுப் பாருங்கோ, சின்னச் சின்ன ஃபைல் லட்சக்கணக்கில சேர்ந்து, ஃபைலுக்கு ஒண்டெண்டு வேணுமான ஐநோட் எண்ட பதிவுகள் முடிஞ்சிருக்கும்.

ஒண்டு கேக்கிறன், ஒரு லாக் 22 ஜிபிக்கு வளர்ந்தது ஏன்? ஏதோ ஒரு எரர் திரும்பத் திரும்ப எழுதுப்பட்டிருக்கும். ரீஸ்டார்ட் பண்ணினாப் பிறகு புது லாக்கில டெயில் போட்டு கடைசி ஐம்பது வரியைப் பாருங்கோ, விளங்காட்டி அதை எனக்கு எழுதி அனுப்புங்கோ.