முள்ளெலிக்கு வாராவாரம் குளியல் வேண்டாம்

தம்பி, ஊர் மாறிப் போன அறைத் தோழர் தன் முள்ளெலியை உங்களிடம் விட்டுச் சென்றிருக்கிறார், அது நாறுகிறது, வாராவாரம் குளிப்பாட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். மாதம் ஒரு முறையே தாராளம். அதற்கு மேல் போனால் தோல் வறண்டு செதில் செதிலாக உதிரும்.

நாற்றம் பெரும்பாலும் காலிலிருந்துதான் வரும். இரவெல்லாம் கூண்டிலுள்ள ஓட்டச் சக்கரத்தில் ஓடும், ஓடும்போதே கழியும், அதையே மிதித்துக்கொண்டு மேலும் ஓடும். விடிந்ததும் பார்த்தால் விரலிடுக்கெல்லாம் காய்ந்து அப்பியிருக்கும். பாதம் மூழ்கும் அளவு வெதுவெதுப்பான நீரில் சில நிமிடம் நிற்கவையுங்கள், ஊறி விழுந்துவிடும். சக்கரத்தைத் தினமும் துடைத்தால் இந்த வேலையும் குறையும்.

முழுக் குளியலுக்கு 2 அல்லது 3 செ.மீ. தண்ணீர் போதும். தொட்டியின் அடியில் சிறு துண்டை விரியுங்கள். கால் வழுக்கினால் மிரண்டு பந்தாகச் சுருண்டுகொள்ளும். மூக்கு நீருக்குள் போய்விடும். மென்மையான பல் துலக்கும் பிரஷால் தலையிலிருந்து வால் பக்கமாக மட்டும் தேயுங்கள். மணமில்லாத மென்மையான ஷாம்பு சில சொட்டு போதும். டீ ட்ரீ எண்ணெய் கலந்ததைத் தொடவே வேண்டாம், அது நஞ்சு. முகத்திலும் காதிலும் நீர் படக் கூடாது. புது வாசனை பட்டதும் வாயில் நுரை தள்ளி, உடலை முறுக்கி, அந்த நுரையை முதுகு முள்ளில் பூசிக்கொள்ளும். வலிப்பு என்று அலறிவிடாதீர்கள், அது அதன் இயல்பு.

உண்மையான ஆபத்து குளித்து முடித்த பிறகுதான். வீட்டில் வளர்ப்பது ஆப்பிரிக்க இனம். அறை 24 முதல் 27 டிகிரி வரை இருக்க வேண்டும். ஈரத்தோடு குளிர் ஏறினால் குளிர்கால உறக்கநிலைக்குள் போகப் பார்க்கும். ஐரோப்பியக் காட்டு முள்ளெலி அதைத் தாங்கும், இது உயிரை விட்டுவிடும். கட்டணத்துக்குப் பயந்து வேலைக்குப் போகும்போது ஹீட்டரை அணைப்பது குளிர் நாட்டுக்குப் புதிதாக வந்தவர்களின் வழக்கம். இனி நீங்கள் அப்படி அணைக்க முடியாது. துண்டால் ஒற்றி, வயிறுவரை காய்ந்த பிறகே கூண்டில் விடுங்கள்.

குளித்ததும் நகம் இளகியிருக்கும், அப்போதே நுனியை மட்டும் வெட்டுங்கள். உள்ளே தெரியும் சிவப்பு நரம்பில் பட்டால் இரத்தம் வரும். கார்ன்ஃப்ளவர் மாவை வைத்து அழுத்தினால் நிற்கும்.

சமையலறைத் தொட்டியில் மட்டும் குளிப்பாட்டாதீர்கள். முள்ளெலியிடம் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம், பார்வைக்கு நலமாக இருந்தாலும்கூட. பலர் சேர்ந்து சமைக்கும் வீட்டில் வீண் சண்டை வேறு வரும்.

முள் கொத்தாக உதிர்ந்து, தோலில் வெள்ளைப் பொருக்கும் தெரிந்தால் அது அழுக்கு அல்ல, பெரும்பாலும் மைட் எனும் நுண்ணிய சிற்றுண்ணி, மருத்துவரிடம் போங்கள். எல்லாக் கால்நடை மருத்துவரும் இதைப் பார்ப்பதில்லை, முதலில் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். அமெரிக்காவில் வேலை மாற்றம் வந்தாலும் கவனம்: கலிபோர்னியாவிலும் ஹவாயிலும் இதை வளர்ப்பதே சட்டவிரோதம்.